ஆர்டி 350-ஐ டிராக்குக்குக் கொண்டுபோகலாமா? பன்னிரண்டு வருட அனுபவமும் ஒரு கிளட்ச்சும்

போன வாரம் என் ஆர்டி 350 பைக்கின் கிளட்ச் மூடியை மறுபடியும் கழற்றினேன். இந்த வண்டியில் இது ஏழாவது தடவை. அதில் ஐந்து தடவை டிராக், அதாவது நேர்கோட்டில் ஓட்டுகிற கால் மைல் வேகப் போட்டி, ஓட்டிவிட்டு வந்த பிறகு. கருகிய ஆயில் வாடை கையிலிருந்து போகாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் சித்தி மகன் போன் செய்தான். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஆர்டி 350 விலைக்கு வந்திருக்கிறதாம். வாங்கி டிராக் ஓட்டலாமா அண்ணா என்று கேட்டான். இருந்த கோபத்தில் "வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது முழுப் பதில் இல்லை. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 1984 மாடல், ஹை டார்க், அதாவது இங்கே வந்த இரண்டு வகைகளில் சக்தி அதிகமானது. யமஹாவின் ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி நம் ஊரில் ராஜ்தூத் என்ற பெயரில் விட்ட வண்டி. 347 சிசி, இரட்டை சிலிண்டர், ஆறு கியர் என்பதெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானில் 39 பிஎச்பி கொடுத்த என்ஜினை மைலேஜுக்காக அடக்கி 30.5 ஆக்கினார்கள், அப்புறம் வந்த லோ டார்க்கில் 27 ஆக்கினார்கள். இது மட்டும் டிராக் விஷயத்தில் நினைவிருக்க வேண்டும். பழைய அமெரிக்கப் பத்திரிகைகளில் கால் மைலை 14 விநாடியை ஒட்டி ஓடியதாகப் படித்துவிட்டு அதே நேரத்தை நம் ஊர் வண்டியிடம் கேட்கக் கூடாது.

ஒன்பது வருடம் இதை ரோட்டில் மட்டும்தான் ஓட்டினேன். கோவையிலிருந்து வால்பாறை, ஆனைகட்டி, சில தடவை ஊட்டி. அந்த ஒன்பது வருடத்தில் கிளட்ச் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வாங்கிய புதிதில் ஒரு பட்டறையில் கியர் பாக்ஸுக்குக் கார் என்ஜின் ஆயிலை ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். அப்போது ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கியது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கிற சேர்மானம் இருக்கும், ஆயிலுக்குள்ளேயே ஓடுகிற பைக் கிளட்ச்சுக்கு அது ஆகாது. பைக் ஆயில் மாற்றியதும் சரியாகிவிட்டது. அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன் வண்டியைக் குட்டி யானையில் ஏற்றி, ராத்திரி முழுக்க 500 கிலோமீட்டர் போய், சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தில் இறக்கினேன். கால் மைல், அதாவது 402 மீட்டர். எஃப்எம்எஸ்சிஐ என்ற மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் உரிமம், முழு லெதர் சூட், ஹெல்மெட், பரிசோதனை எல்லாம் முடிந்து வரிசையில் நின்றபோது, அப்பா வயதுள்ள ஒருவர் வந்து டேங்க் மேல் கை வைத்து நின்றார். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் இந்தச் சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே போனது வீண் இல்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

முதல் ஓட்டம் 16.9 விநாடி. தப்பு என்னுடையதுதான். ரோட்டில் கிளம்புகிற பழக்கத்தில் 4,000 ஆர்பிஎம்மில் கிளட்ச்சை விட்டேன். இந்த என்ஜின் 5,500-க்கு மேல்தான் உயிர் பிடிக்கும். அதற்குக் கீழே விட்டால் மூச்சடைத்த மாதிரி ஒரு 'போஓஓ' சத்தம், பக்கத்து வண்டி அதற்குள் முப்பதடி தாண்டியிருக்கும். இரண்டாவது ஓட்டத்தில் 6,000 வைத்து, கிளட்ச்சைச் சட்டென்று விடாமல் பாதிப் பிடியில் இழுத்து விட்டேன். 16.1. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் துணிந்தேன். 15.3. கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 134 கிலோமீட்டர்.

அந்த மூன்றாவது ஓட்டத்தை என்னால் மறக்கவே முடியாது. முதல் கியர் ஒரு கணத்தில் தீர்ந்துபோகும். இரண்டாவது விழுந்ததும் ஊசி 5,500-லேயே வந்து நிற்கும், அங்கிருந்து வண்டி முதுகில் கை வைத்துத் தள்ளின மாதிரி போகும். மூன்றாவதிலும் அதே, நான்காவதிலும் அதே. ஆறு கியரையும் நெருக்கமாக அடுக்கி வைத்தவர்கள் என்ன நினைத்து அடுக்கினார்கள் என்று ரோட்டில் ஒன்பது வருடமாக எனக்குப் புரியவே இல்லை. அன்றைக்குப் புரிந்தது. ஒவ்வொரு கியரும் அடுத்ததைச் சரியாக அந்த இடத்தில் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. நாற்பது வருடத்து வண்டி இது. தலைமுடி சிலிர்த்துவிட்டது.

நான்காவது ஓட்டத்தில்தான் வினை வந்தது.

டிராக் ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிளம்புகிற கோட்டில் ஒளிக்கற்றைகள் இருக்கும். முன் சக்கரம் முதல் கற்றையைத் தொட்டால் ஒரு விளக்கு, இன்னும் சில அங்குலம் உருட்டினால் அடுத்த விளக்கு, அங்கே அசையாமல் நிற்க வேண்டும். மஞ்சள் விளக்குகள் இறங்கிப் பச்சை வரும் முன் சக்கரம் கற்றையை விட்டு விலகினால் சிவப்பு. ஓட்டம் அதோடு முடிந்தது. பச்சைக்குப் பிறகு நீங்கள் அரை விநாடி தூங்கினாலும் உங்கள் ஓட்ட நேரத்தில் அது சேராது, ஏனென்றால் சக்கரம் நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடும். ஆனால் ஒரு அடி முந்தி ஊர்ந்தால் மன்னிப்பே கிடையாது.

லீவரை முழுக்கப் பிடித்திருந்தேன். ஆக்சிலேட்டரை 6,000-க்கு ஏற்றியதும் வண்டி தானாக முன்னே ஊர்ந்தது. முன் பிரேக்கை அழுத்தினேன், அதையும் மீறி இழுத்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. நியூட்ரல் போடலாம் என்று பார்த்தால் விழவில்லை. என்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். 500 கிலோமீட்டர் தாண்டி வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை இத்தனை பேர் முன்னால் தள்ளிக்கொண்டு வந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடமாக நான் சண்டை போடுவது இந்த ஒரு விஷயத்தோடுதான். சூடானால் கிளட்ச் முழுக்க விடுபடுவதில்லை. கேபிளை இறுக்கினால் ஓட்டத்தில் வழுக்கும், தளர்த்தினால் கோட்டில் ஊரும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது. குளிர்ந்த வண்டியில் அந்த இடத்தைப் பிடித்து வைத்தால், இரண்டு ஓட்டத்தில் அது நகர்ந்துபோகிறது. முதல் தடவை பிளேட் மாற்றினேன். இரண்டாவது தடவை கேபிள், தள்ளுகம்பி, அதற்கு நடுவில் இருக்கிற குண்டு எல்லாம் மாற்றினேன். மூன்றாவது தடவை கடினமான ஸ்பிரிங் போட்டேன். வழுக்கல் நின்றது, ஊர்வது நிற்கவில்லை. லீவர் மட்டும் பாறை மாதிரி ஆகி, அவினாசி ரோடு நெரிசலில் இடது கை மரத்துப்போனது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் கணபதியில் லேத் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். பிளேட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவை உள்ளே அடுக்கியிருக்கும் கூண்டை, அதாவது கிளட்ச் அவுட்டரை, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "தம்பி, பிளேட்டு மேல பழி போடாதீங்க. கூண்டப் பாருங்க" என்றார். அந்த அலுமினியக் கூண்டின் விரல்களில், பிரிக்‌ஷன் பிளேட்டின் காதுகள் நாற்பது வருடமாக அடித்து அடித்து வரிசையாகப் பள்ளம் விழுந்திருந்தது. லீவரைப் பிடித்ததும் பிளேட்டுகள் ஒன்றை விட்டு ஒன்று நகர வேண்டும். காது பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் எங்கே நகரும்? ரோட்டில் அது தெரியாது. டிராக்கில் ஒவ்வொரு கிளம்பலிலும் பாதிப் பிடியில் சூடேற்றுகிறோம், ஸ்டீல் பிளேட் துளி நெளிந்தாலும் இருக்கிற சொற்ப இடைவெளியும் போய்விடும். அப்புறம் என்ன கேபிள் மாற்றி என்ன?

அவர் பள்ளங்களை ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பி, மில்லிங்கில் மட்டமாக்கிக் கொடுத்தார். போன வருடம் அதை வைத்துத்தான் ஓட்டினேன். ஐந்து ஓட்டம், ஒரு தடவைகூட ஊரவில்லை. 15.0 வரை வந்தது. எனக்குத் தெரிந்து அது இந்த வண்டியின் எல்லை.

இந்த வருடம் மறுபடியும் ஊர்ந்தது. இந்தத் தடவை பிளேட்தான் காரணம். ஒரிஜினல் என்று பெட்டியில் போட்டுக் கொடுத்தார் ஒரு கடைக்காரர். ஜப்பானிய எழுத்தெல்லாம் அச்சடித்த பெட்டி. மூன்று ஓட்டத்தில் உராய்வுப் பொருள் கட்டி கட்டியாகப் பெயர்ந்து ஆயிலில் மிதந்தது. ரோட்டில் ஓட்டியிருந்தால் ஒரு வருடம் கழித்துத் தெரிந்திருக்கும், அதற்குள் யார் யாரிடம் வாங்கினோம் என்றே மறந்திருக்கும். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவனின் ஆசையைத் தெரிந்துகொண்டு விற்கிறார்கள். போய்க் கேட்டதும் வாதாடாமல் 3,800 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதை மறைப்பது நியாயம் இல்லை. ஆனால் எனக்குப் பணம் திரும்பி வந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் ஆர்எக்ஸ் 100 வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். 98 சிசி, 11 பிஎச்பி. காலையிலிருந்து எட்டு ஓட்டம், ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. நான் நிழலில் உட்கார்ந்து மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். ஆர்டியின் நேரம் அவனுக்கு வராதுதான். ஆனால் அவன் அன்றைக்கு முழுக்க ஓட்டினான்.

கிளட்ச்சைப் பற்றியே எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். கடைசிக் கோட்டைத் தாண்டிய பிறகும் இந்த வண்டியில் கிளட்ச்தான் என்ஜினைக் காப்பாற்ற வேண்டும். ஆயில் பம்ப் ஆக்சிலேட்டர் கேபிளோடு சேர்ந்தது. 130-ல் ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோலும் குறையும், அதோடு வருகிற ஆயிலும் குறையும், என்ஜின் மட்டும் அதே வேகத்தில் சுற்றும். பிஸ்டன் சிலிண்டரில் இறுகி சீஸ் ஆக அது போதும். கோட்டைத் தாண்டியதும் லீவரைப் பிடித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் கிளட்ச் முழுக்க விடுபடாத வண்டியில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பயமாகவே இருக்கிறது. பிரேக்கும் அப்படியொன்றும் துணைக்கு வராது. ஜப்பான் வண்டியில் இருந்த முன் டிஸ்க் நம் ஊருக்கு வரும்போது டிரம் ஆகிவிட்டது. நிற்க வேண்டிய தூரத்தை மனதில் இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பாயிண்ட் இக்னிஷன் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள், எனக்கு ஒரு தொந்தரவும் தரவில்லை. போட்டிக்கு முன் இடைவெளியும் டைமிங்கும் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பார்த்துவிட்டால் போதும். பிளக் பி8எச்எஸ்ஸுக்குப் பதில் ஒரு படி குளிர்ந்த பி9எச்எஸ். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்த பிறகு மெயின் ஜெட்டைக் கூட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கலவையில் பெட்ரோல் பற்றாமல் வறண்டு பிஸ்டன் போகும். பெட்ரோல் ட்யூப், கார்பரேட்டர் ரப்பர் எல்லாம் புதிதாக இருக்கட்டும். ஊருக்கு வந்ததும் டேங்கைக் காலி செய்துவிடுங்கள், எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டியது முதல் அறுபது அடியில் நன்றாகவே உதவியது.

கிராங்க், சிலிண்டர், கியர் பாக்ஸ் எதுவும் மூன்று போட்டியில் முணுமுணுக்கக்கூட இல்லை. ரோட்டுக்காகச் செய்த என்ஜின், அதுவும் அடக்கி விட்ட என்ஜின், இப்படி அடி வாங்கியும் வால்பாறை ஏறுகிறது. இன்றைக்கு வாங்குகிற எந்தப் புது வண்டியும் எனக்கு அந்த இரண்டாவது கியரைத் தராது. இதை மனசாரச் சொல்கிறேன்.

ஆனாலும் தம்பி, டிராக்குக்கு என்று இதை வாங்காதே. ஒரு நாளைக்கு நாலு ஓட்டம் நிம்மதியாக ஓட்ட முடியாத வண்டி டிராக் வண்டி ஆகாது. ஆர்எக்ஸ் ஒன்று வாங்கு, கிளம்பக் கற்றுக்கொள். ஆர்டி ரோட்டுக்கு இருக்கட்டும்.

பொள்ளாச்சி வண்டியை எப்படியும் போய்ப் பார்ப்பாய் என்று தெரியும். ஒரு இருபது கிலோமீட்டர் நன்றாகச் சூடாகும்படி ஓட்டிவிட்டு, என்ஜின் ஓடும்போதே நின்று நியூட்ரல் போட்டுப் பார். விழவில்லை என்றால் கூண்டு போயிருக்கலாம், விலையைக் குறைத்துக் கேள். ஹை டார்க் என்று சொல்லி லோ டார்க் சிலிண்டர் மாட்டியிருக்கிறார்களா என்று உன்னால் பார்த்துச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் சொல், நானும் வருகிறேன்.