கல் தீட்ட எது: கார்போரண்டம் சக்கரமா, வைரச் சக்கரமா?

வீட்டில் மெஷின் வைத்து நகைக்கல், அலங்காரக் கல் தீட்டுகிறவர்கள், பழைய சக்கரம் தேய்ந்ததும் குழம்பும் இடம் இது.

விலை: கார்போரண்டம் (சிலிக்கன் கார்பைடு துகளை இறுக்கிச் செய்த சக்கரம்) மலிவு. வைரத்துகள் பூசியது பல மடங்கு அதிகம்.

உழைப்பு: கார்போரண்டம் தேயத் தேயச் சிறுக்கும், பள்ளம் விழும். வைரச் சக்கரம் வடிவம் மாறாது. ஆனால் பூச்சு போனால் அவ்வளவுதான்.

பராமரிப்பு: கார்போரண்டம் தண்ணீரை உறிஞ்சும். நனைந்தபடி நிறுத்தினால் ஈரம் அடிப்பக்கம் இறங்கிவிடும். மறுநாள் ஓட்டும்போது மெஷின் அதிரும், பேரிங் கெடும், சக்கரமே உடையவும் கூடும். அதனால் வேலை முடிந்ததும் தண்ணீரை மூடிவிட்டுச் சில நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். வைரச் சக்கரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அது கல்லை வெட்டாமல் வழுக்கினால் உடனே தூக்கிப் போடாதீர்கள். டிரஸ்ஸிங் கல்லை (சக்கரத்தின் முகத்தைத் தேய்த்துப் புதுப்பிக்கும் கல்) லேசாகக் காட்டினால் பெரும்பாலும் திரும்ப வெட்டும்.

தண்ணீர்: இரண்டுக்கும் கட்டாயம். தீட்டும் கல்லிலிருந்து கிளம்பும் குவார்ட்ஸ் (சிலிக்கா) தூசி நுரையீரலைக் கெடுக்கும், உலர்வாகத் தீட்டவே கூடாது. திருநெல்வேலி மாவட்டத் திசையன்விளைப் பக்கம் உப்புப் பிடித்த போர் தண்ணீர்தான் கிடைக்கிறது என்றால் சக்கரத்தில் தண்ணீர் விடும் சொட்டுக் குழாயை அடிக்கடி கழற்றிக் கழுவுங்கள். தாமிரபரணித் தண்ணீர் வருகிற வீட்டில் அந்த வேலை குறைவு. அப்புறம், தட்டில் தேங்கும் சேற்றைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், இறுகி அடைத்துக்கொள்ளும்.

எப்போதாவது உட்காருகிறவருக்கு, கற்றுக்கொள்கிறவருக்குக் கார்போரண்டம் போதும். வாராவாரம் அகேட், கார்னெட் என்று கடினக் கல் தீட்டுகிறவர் காசு சேர்த்து வைரமே வாங்கலாம்.