வைக்கோலா, பசும்புல்லா: மருந்து எச்சம் எதில் குறைவு?

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் பொன்னேரி, மீஞ்சூர் வைக்கோலை வாங்கலாம்; அல்லது சோழவரம், செங்குன்றம் பக்கம் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை வாங்கலாம். விலையையும் பாலின் அளவையும் பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறோம். பயிரின் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் பூஞ்சாணக்கொல்லி மருந்தில் தீவனத்தில் தங்கிவிடும் எச்சத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலில் வைக்கோல். குலைநோய்க்கு டிரைசைக்ளசோல், இலையுறை அழுகலுக்கு ஹெக்சகோனசோல் அல்லது கார்பென்டசிம், நெற்பழ நோய்க்குப் புரோபிகோனசோல் என்று நெல்லுக்கு அடிக்கும் மருந்து இலையிலும் தாளிலும்தான் நேராக விழுகிறது. அரிசிக்காவது உமியும் தவிடும் நீங்குகின்றன. மாட்டுக்கு மருந்து பட்ட தாள் அப்படியே போகிறது. காயும்போது ஈரம் போய் எடை குறைவதால், கிலோவுக்கு எச்சம் இன்னும் கூடித் தெரியும். 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் டிரைசைக்ளசோல் வரம்பைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01க்கு இறக்கியது. அந்தக் கவலை அரிசிக்கு வந்தது; அதே செடியின் தாளைத் தின்னும் மாட்டுக்கும் வர வேண்டாமா?

இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடைசி மருந்து எப்போது அடித்தீர்கள்? டிரைசைக்ளசோல் அடித்தால் அறுவடைக்கு முன் 30 நாள் விட வேண்டும். பூத்ததிலிருந்து அறுவடைவரை ஏறக்குறைய அவ்வளவுதான் நாள். கதிரின் கழுத்தில் வரும் குலைநோய்க்குப் பயந்து பூத்த பிறகு அடித்திருந்தால், அந்த இடைவெளி கிடைத்திருக்காது.

அடுத்து புல். கோ-4 நட்டால் 75-80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒரு முறை. இதற்குப் பூஞ்சாணக்கொல்லி அடிக்கும் வேலை பெரும்பாலும் இல்லை. வருவது பாசன நீரோடுதான். நெல்வயல் வடிகால் சேரும் ஏரியில் மான்கோசெப் என்ற பூஞ்சாணக்கொல்லி ஓரிரு நாளில் சிதைந்துவிடும். ஆனால் அது சிதைந்து வரும் எத்திலீன் தயோயூரியா என்ற நச்சுப்பொருள் நீரில் நன்றாகக் கரையும். கார்பென்டசிம் காற்றோட்டமான நீரில் பாதியாகக் குறையவே இரண்டு மாதமாகும். காற்றில்லாத சேற்றில் இரண்டு ஆண்டைத் தாண்டும். ஆனாலும் நீரில் கலந்து நீர்த்து வரும் அளவு, நேராகத் தாளில் அடித்த அளவுக்குப் பக்கத்தில் வராது. அதனால் என் ஓட்டு புல்லுக்கு. அதிலும் ஏரிக் கடைமடைப் புல்லைவிடக் கிணற்றுப் பாசனப் புல் மேல். பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் அறுத்த புல் இந்த ஒப்பீட்டிலேயே வராது. அந்தச் சாக்கடை நீரின் நஞ்சு வேறு.

சரி, மருந்தே அடிக்காத வைக்கோல் நல்லதா? பூஞ்சை பிடிக்காதிருந்தால் மட்டும். பூசணம் பூத்த தீவனத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு பாலில் இறங்கும். பாலில் அதற்குக் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்று வரம்பே உண்டு. பூசண வாடை அடிக்கும் வைக்கோல் கட்டை, மருந்தே படாததானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வைக்கோலை ஊறவைத்தால் மருந்து எச்சம் போய்விடும் என்பார்கள். கார்பென்டசிம் லிட்டர் நீரில் 8 மில்லிகிராம் அளவே கரையும், ஆகவே அதை நம்ப வேண்டாம். வைக்கோலை அடியோடு விடவும் முடியாது, அசைபோட நார் வேண்டும். கடைசி மருந்தின் தேதி சொல்லக்கூடிய விவசாயியிடம் நேராக வாங்கி, அதை அளவோடு போட்டு, மீதிக்குப் புல் போடலாம்.