பில்லில் புது பூஸ்டர், பானெட்டுக்குள் போன ஆயுத பூஜையின் பொட்டு

காரைக்குடி வட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் பிரேக் ரீகால் (குறையுள்ள வண்டிகளை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) என்று செய்தி வந்து வண்டியை விட்டு எடுத்தவர்கள், இதைப் படித்ததும் ஒரு முறை பானெட்டைத் திறந்து பாருங்கள். அந்த சர்வீஸ் சென்டரின் பெயரை இங்கே எழுதவில்லை. விவகாரம் சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது, பெயரை அங்கே சொல்லிக்கொள்கிறேன். நடந்ததை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

எனக்குப் பள்ளத்தூர். 2020-இல் வாங்கிய கார். தை மாதம் கார் நிறுவனத்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. பிரேக் பூஸ்டரில் குறை இருக்கலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம், அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்கு வாருங்கள் என்று இருந்தது. இதில் எனக்கு நிறுவனத்தின் மேல் வருத்தம் எதுவும் இல்லை. 2018-இல் வேறொரு பெரிய நிறுவனம் பிரேக்கின் வெற்றிடக் குழாயைச் சரிபார்க்க 52,686 கார்களைத் திரும்ப அழைத்தது. குறையை ஒப்புக்கொண்டு அழைப்பது நேர்மையான காரியம் என்றே நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

பூஸ்டர் என்பது பானெட்டுக்குள் ஓட்டுநர் பக்கம், பின்சுவரை ஒட்டி இருக்கும் கறுப்பு வட்ட டப்பா. என்ஜின் உறிஞ்சும் காற்றின் விசையைக் கொண்டு நம் காலின் அழுத்தத்தைப் பல மடங்காக்கித் தருவது அதுதான். உள்ளே இருக்கும் ரப்பர் தகடு கிழிந்தாலும், காற்றுக் குழாய் விட்டுப்போனாலும் பிரேக் ஒரேயடியாகப் போய்விடாது. மிதி கல்லாக இறுகிவிடும். உடம்பின் முழு பலத்தையும் காலில் இறக்கினால்தான் வண்டி நிற்கும், அதுவும் நாம் நினைத்த இடத்தைத் தாண்டித்தான் நிற்கும்.

மாசி முதல் வாரம் வண்டியை விட்டேன். செய்யவேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் பாதி வரிகள் காலியாக இருக்கும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மாலை ஐந்து மணிக்கு பில் வந்தது. ‘பூஸ்டர் மாற்றப்பட்டது, ரீகால், ரூ. 0’ என்று முதல் வரி. அதன் கீழே பிரேக் ஓவர்ஹால் (பிரித்துச் சீர்செய்வது) 2,500, பிரேக் ஆயில் 800, வரி 594, ஆக மொத்தம் 3,894 ரூபாய். இலவசம் என்றுதானே செய்தி வந்தது என்று கேட்டேன்.

“பார்ட்தான் சார் இலவசம். கழற்றி மாட்டும்போது பார்க்கிற வேலை எல்லாம் தனி” என்றார் கவுண்டரில் இருந்தவர். பழைய பூஸ்டரைக் காட்டச் சொன்னேன். “அதைக் கம்பெனிக்கு அனுப்பணும் சார், வெளியே எடுத்துக் காட்டக்கூடாது” என்றார். கழற்றிய பாகத்தை நிறுவனம் திரும்பக் கேட்பது உண்டுதான். ஆனால் வண்டிக்குச் சொந்தக்காரனின் கண்ணில் காட்டக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. எனக்கு அப்போது அது தெரியாது. பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து சங்கடஹர சதுர்த்தி. ஆத்தாவை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டுத் திரும்பினேன். குன்றக்குடியைத் தாண்டி வரும்போது ஓர் ஆட்டு மந்தை சாலையின் குறுக்கே இறங்கியது. பிரேக்கை மிதித்தேன், மிதி இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கையை விட்டு எழும்பி மிதித்த பிறகுதான் வண்டி நின்றது. கடைசி ஆட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். பின்னாலிருந்த ஆத்தா முன் இருக்கையில் மோதிக்கொண்டார். நெற்றியில் வீக்கம். மடியிலிருந்த அர்ச்சனைத் தட்டிலிருந்து தேங்காய் மூடி உருண்டு என் காலடிக்கு வந்துவிட்டது. அது மிதிக்கு அடியில் போய்ச் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் சில இரவுகளில் நினைப்பு வருகிறது.

வண்டியைப் புளியமரத்தடியில் ஒதுக்கி பானெட்டைத் திறந்தேன். புதிதாக மாற்றியதாகச் சொன்ன அந்தக் கறுப்பு டப்பாவின் மேல் சந்தனம் காய்ந்து வெடித்துப் போயிருந்தது, நடுவே மங்கிய குங்குமம். ஐப்பசியில் ஆயுத பூஜை அன்று என் மகள் வைத்த பொட்டு அது. உயரம் எட்டாமல் எக்கி நின்று வைத்ததால் ஒரு பக்கம் கோணலாக இழுபட்டிருக்கும். அதே கோணல். அந்தப் பூஸ்டரை யாரும் கழற்றவே இல்லை.

மறுநாள் காலை சர்வீஸ் சென்டரில் போய் நின்றேன். மேலாளர் முதலில், பொட்டு நான் பிறகு வைத்ததாக இருக்கும் என்றார். ஆயுத பூஜை அன்று எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். திறந்த பானெட்டின் முன்னால் மகள், பின்னால் அதே பொட்டு, படத்தின் மேல் தேதி. பிறகு பேச்சு மாறியது. கழற்றிப் பார்த்தோம், நன்றாக இருந்தது, அதையே மாட்டிவிட்டோம் என்றார். அப்படியானால் பில்லில் மாற்றப்பட்டது என்று ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். கடைசியில்தான் உண்மை வந்தது: “பார்ட் ஸ்டாக் இல்லை சார். மாசக் கணக்கை முடிக்கணும்னு என்ட்ரி போட்டுட்டாங்க.”

ரீகால் வேலைக்கான கூலியை நிறுவனமே சர்வீஸ் சென்டருக்குக் கொடுத்துவிடுகிறது. செய்யாத வேலைக்கு அங்கே கணக்கு எழுதிவிட்டு, அதே வேலையின் பெயரைச் சொல்லி என்னிடமும் 3,894 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். பணம்கூடப் போகட்டும். அந்த ஒரு பொய்ப் பதிவு என்ன செய்தது என்பது மதுரைக்குப் போனபோதுதான் தெரிந்தது. அங்கே வேறொரு சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இந்த வண்டிக்கு வேலை முடிந்ததாகக் காட்டுகிறது. நாங்கள் பார்ட் கேட்டால் கம்பெனி தராது” என்று கையை விரித்துவிட்டார்கள். குறையுள்ள வண்டிகளின் பட்டியலிலிருந்து என் கார் நீங்கிவிட்டது, குறை மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த வண்டியை நான் விற்றிருந்தால், வாங்குகிறவர் எத்தனை முறை சரிபார்த்தாலும் ‘முடிந்தது’ என்றுதான் பார்த்திருப்பார். இதைத் திருட்டு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்தவர் உயிரை வைத்து எழுதிய கணக்கு இது.

நம் நாட்டில் 2012 முதல் ரீகால் என்பது உற்பத்தியாளர்கள் தாங்களாக ஏற்றுக்கொண்ட நடைமுறையாக இருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதியும் வந்துவிட்டது. ஏழு ஆண்டுக்குள் இருக்கும் வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருந்தால் அரசே கட்டாய ரீகாலுக்கு உத்தரவிடலாம், 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் போடலாம். செலவு நிறுவனத்துடையது. வண்டிக்காரரிடம் கழற்றும் கூலி, மாட்டும் கூலி என்று ரீகால் வேலைக்குக் காசு கேட்க இடமே இல்லை. பில்லில் அப்படி ஒரு வரி வந்தால் கட்டாதீர்கள். கட்டித்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்றால் பில்லிலேயே ஆட்சேபம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். பொட்டின் இரண்டு படங்களையும் பில்லையும் சேர்த்து நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சர்வீஸ் சென்டரோடு வாய்ச்சண்டை போட்டதில் எதுவும் நகரவில்லை, எழுத்தில் போனதும்தான் நகர்ந்தது. இருபத்து மூன்று நாள் கழித்து நிறுவனத்தின் ஆள் ஒருவர் வந்தார். பொட்டை அவரும் படம் எடுத்துக்கொண்டார். பொய்ப் பதிவை நீக்கி, மதுரையில் புது பூஸ்டர் போட்டுக் கொடுத்தார்கள். இந்த முறை நான் நகரவில்லை. பெட்டியைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்றேன், பாக எண் ஒட்டிய சீட்டைப் படம் எடுத்தேன், கழற்றிய பூஸ்டரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

3,894 ரூபாய்க்குப் பதிலாக இரண்டு இலவச சர்வீஸ் கூப்பன் தருவதாக காரைக்குடியில் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

உங்கள் வண்டியில் பூஸ்டர் வேலை செய்கிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கைப் போடுங்கள். என்ஜினை அணைத்துவிட்டு, மிதி இறுகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் அப்படியே ஸ்டார்ட் செய்யுங்கள். காலுக்குக் கீழே மிதி கொஞ்சம் இறங்கிக் கொடுத்தால் பூஸ்டர் பிடிக்கிறது என்று பொருள். அசையாமல் கல் மாதிரி நின்றாலோ, மிதிக்கும்போது உஸ்ஸென்று காற்றுப் போகும் சத்தம் கேட்டாலோ வண்டியை எடுக்காதீர்கள். இறங்கிக் கொடுத்தாலும், புதிதாக மாற்றியதற்கு அது சாட்சி ஆகாது. எத்தனையோ நாள் என் பழைய பூஸ்டரும் இறங்கிக் கொடுத்திருக்கும். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டு உங்கள் வண்டிக்கு ரீகால் உண்டா என்று பாருங்கள், பிறகு பானெட்டைத் திறந்து அந்த டப்பாவையும் பாருங்கள்.

இதைத் தேவகோட்டையில் ஆச்சி வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் அதே இடத்தில் மாசியில் வண்டியை விட்டு எடுத்தவர். உடனே போய்த் திறந்து பார்த்தார். சுற்றிலும் உள்ள பாகங்களில் இருந்த அதே செம்மண் புழுதி, விரல் பட்ட தடம்கூட இல்லாமல் பூஸ்டரின் மேலும் படிந்திருந்தது. அவர் பில்லிலும் ‘மாற்றப்பட்டது’ என்றுதான் இருக்கிறது. சிவகங்கைக்கு இருவரும் சேர்ந்தே போகிறோம். தை, மாசியில் காரைக்குடியில் இந்த ரீகால் வேலைக்கு வண்டியை விட்டவர்கள், எதையும் துடைப்பதற்கு முன்னால் பூஸ்டரைப் படம் எடுத்து, ஜாப் கார்டையும் பில்லையும் பத்திரப்படுத்திவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.