பருவுக்கு எது, பரு விட்டுப்போன கறுப்புக்கு எது? மாநிறத் தோலுக்கான ஒப்பீடு

பருவுக்கு மருந்து கேட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனால் நாலைந்து டியூப்களை எடுத்து மேஜைமேல் வைப்பார்கள். எல்லாமே பருவைக் குறைக்கும் என்றுதான் சொல்லும். எது சீக்கிரம் குறைக்கும் என்று மட்டும் பார்த்து வாங்குவது நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் பாதிக் கணக்குதான். பரு ஒன்றிரண்டு வாரத்தில் அமுங்கிவிடும். அது இருந்த இடத்தில் நிற்கும் கறுப்பு, மாதக்கணக்கில் போகாது. அதனால் இங்கே ஒவ்வொரு மருந்தையும் இன்னொரு கேள்வியோடும் சேர்த்துப் பார்க்கிறேன்: அது அந்தக் கறுப்பைக் குறைக்குமா, கூட்டுமா?

காரணம் எளிது. தோலில் இருக்கும் நுண்துளை அடைபட்டு, உள்ளே எண்ணெய் தேங்கி, அதில் கிருமி பெருகி, அந்த இடம் வீங்கிச் சிவக்கிறது. அந்த வீக்கம் பக்கத்தில் இருக்கும் நிறமி செல்களைத் தூண்டிவிடுகிறது. மாநிறத் தோலில் அவை கூடுதல் வேகத்தோடு மெலனின் என்ற நிறமியைக் கொட்டுகின்றன. பருவைக் கிள்ளினாலும், காரமான மருந்தைப் போட்டுத் தோலை எரித்தாலும் இதேதான் நடக்கும்.

பென்சாயில் பெராக்சைடா, அடாபலீனா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்வது. சீழ் வைத்த, சிவந்த பருக்களுக்கு நன்றாகக் கேட்கும். எத்தனை நாள் போட்டாலும் கிருமி இதற்குப் பழகிப்போவதில்லை என்பது இதன் பெரிய பலம். 2.5, 5, 10 சதவீதம் என்று பல வலுவில் வருகிறது. 10 வாங்கினால் நாலு மடங்கு வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். 2.5 சதவீதமே கிட்டத்தட்ட அதே பலனைத் தருகிறது, எரிச்சல் மட்டும் குறைவு. மாநிறத் தோலுக்கு அந்தக் குறைவுதான் முக்கியம். ஒரு தொல்லை உண்டு: துணியை வெளுக்கும். நீல நிறத் தலையணை உறையில் கன்னம் பட்ட இடம் மட்டும் செம்பட்டையாக மாறியிருக்கும், துவைத்தாலும் போகாது. இரவில் போடுகிறவர்கள் வெள்ளை உறைக்கு மாறிவிடலாம்.

அடாபலீன் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. துளை அடைபடுவதையே தடுக்கிறது. நெற்றியிலும் மூக்கோரத்திலும் மணல்மணலாகத் தட்டுப்படும் சின்னப் பருக்கள், கரும்புள்ளிகள் எல்லாவற்றுக்கும் இதுதான் சரி. தோல் செல்கள் புதுப்பிக்கப்படுவதை முடுக்குவதால் பழைய கறுப்பும் மெல்ல மங்கும். அமெரிக்காவில் 2016 முதல் 0.1 சதவீத ஜெல்லை மருத்துவர் சீட்டில்லாமலே வாங்கலாம். இந்தியாவில் இது சீட்டுக்குத்தான் தர வேண்டிய மருந்து.

இதை ஒழுங்காகப் போடத் தெரியாமல் கைவிடுகிறவர்கள்தான் அதிகம். பரு இருக்கும் இடத்தில் மட்டும் தொட்டு வைப்பார்கள். இது வந்த பருவுக்கான மருந்து என்பதைவிட, வரப்போகும் பருவுக்கான மருந்து. முகத்தைக் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று முழுக்க மெல்லிசாகப் பரப்ப வேண்டும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் விட்டுவிட வேண்டும். முதல் சில வாரம் ஒன்று விட்டு ஒரு நாள் இரவு போட்டால் போதும், மேலே மாய்ஸ்சரைசர். அப்படியும் முதல் மாதம் தோல் உரியும், பரு கொஞ்சம் கூடினாற்போல் இருக்கும். பலன் தெரிய 12 வாரம் ஆகும். மூன்றாம் வாரத்தில் நிறுத்தினால் தொந்தரவை மட்டும் அனுபவித்துவிட்டுப் பலனை விட்ட கதைதான். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுகிறவர்களும் இதைத் தொடக் கூடாது.

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் அடாபலீன் பக்கம். பருவையும் தடுத்து, கறுப்பையும் குறைக்கிறதே. ஆனால் முகமெல்லாம் சீழ்ப் பருவாக இருக்கும் பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்துதான் வேண்டும். 0.1 சதவீத அடாபலீனும் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடும் ஒரே ஜெல்லாகவே வருகிறது.

கிளிண்டாமைசின் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போடுவது வேண்டாம். அது ஆன்டிபயாடிக், கிருமி பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துக் கொஞ்ச காலத்துக்கு என்றால் சரி.

மூணே நாளில் முகம் பளிச்

"அண்ணா, அடுத்த வாரம் நிச்சயதார்த்தம், சீக்கிரம் கேட்கிற மாதிரி ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் சில கடைகளில் கைக்கு வருவது ஸ்டீராய்டு க்ரீம். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று டியூப்பில் பெயர் இருக்கும். மூன்றே நாளில் சிவப்பு அடங்கும், முகம் வெளுத்த மாதிரியும் தெரியும். அதனால்தான் அக்கா சொல்லித் தங்கை, தங்கை சொல்லித் தோழி என்று பரவுகிறது. இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால் தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும், கன்னத்தில் முடி முளைக்கும், ஒரே அளவில் கொத்துக்கொத்தாகப் பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும், அதைத் தாங்க முடியாமல் மறுபடி அதையே போடுவார்கள். 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்னும் கேட்டால் கிடைக்கிறது என்பதுதான் வேதனை. நிஜமாகவே அவசரம், பெரிய கட்டிப் பரு ஒன்று என்றால், தோல் மருத்துவர் அந்த ஒரு பருவுக்குள் துளி ஊசி போட்டு ஓரிரு நாளில் அமுக்கிவிடுவார். அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் ஒரு இடத்தில், ஒரு முறை, அளவு தெரிந்த கையால்.

எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட் இரண்டும் இந்தப் போட்டிக்கே வரத் தகுதியில்லாதவை. எலுமிச்சை தேய்த்த தோலில் வெயில் பட்டால் வெந்து, புதுக் கறுப்பு விழும்.

அசெலாயிக் அமிலமா, ஹைட்ரோகுயினோனா?

முதலில் கண்ணாடியில் பாருங்கள். கறை தோலோடு தட்டையாக இருந்தால் க்ரீம் கேட்கும். குழியாக இருந்தால் எந்த க்ரீமும் நிரப்பாது, அதற்கு மருத்துவரிடம் போய்ச் செய்துகொள்ளும் சிகிச்சைகள்தான்.

தட்டைக் கறுப்புக்கு எனக்குப் பிடித்தது அசெலாயிக் அமிலம். அது மருந்தானதே சுவாரசியமான கதை. தேமல் வந்த இடம் ஏன் வெளுக்கிறது என்று தேடிப் போன ஆராய்ச்சியில் கிடைத்தது இது. தேமலை உண்டாக்கும் பூஞ்சையோடு தொடர்புள்ள அமிலங்களில் ஒன்றுக்கு, நிறமி உண்டாவதைத் தடுக்கும் தன்மை இருந்தது. அளவுக்கு மீறி வேலை செய்யும் நிறமி செல்களைத்தான் அது பெரும்பாலும் அடக்குகிறது, சாதாரணத் தோலை வெளுக்க வைப்பதில்லை. பருக் கிருமியையும் கொல்லும். மருத்துவர் சொன்னால் கர்ப்பிணிகளும் போடலாம். முதல் வாரங்களில் கடிக்கிற மாதிரி, ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும். மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும்.

ஹைட்ரோகுயினோனும் நிறமி உண்டாவதைக் குறைக்கும் மருந்துதான், வேகத்தில் இதை முந்தும். மங்குக்கு மருத்துவர்கள் கொடுப்பார்கள், சில மாதத்தில் நிறுத்தியும் விடுவார்கள். நிறுத்தாமல் வருடக்கணக்கில் போட்டால் தோல் நீலம் கலந்த கறுப்பாக மாறக்கூடும், அதைத் திருப்புவது மிகவும் கடினம். கடையில் அதிகம் புழங்குவது ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் (இதுவும் அடாபலீனைப் போல வைட்டமின் ஏ குடும்பம்), ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீம். அதைச் சிவப்பழகு க்ரீம் என்று நினைத்துத் தினமும் பூசுகிறவர்களுக்கு மேலே சொன்ன ஸ்டீராய்டு தொல்லைகள் அத்தனையும் வரலாம். பருக் கறுப்புக்கு அசெலாயிக் போதும்.

எதைப் போட்டாலும் பகலில் சன்ஸ்க்ரீன் இல்லையென்றால் பாதி உழைப்பு வீண். கறுப்பு, மங்கு உள்ளவர்களுக்கு நிறமேற்றிய சன்ஸ்க்ரீன் நல்லது. அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் மறைக்கிறது. மாநிறத் தோலை அந்த ஒளியும் கறுக்க வைக்கும்.

கறையும் நிறமும் வேறு வேறு

கறைக்கு வைத்தியம் உண்டு. நிறம் நோயே இல்லை. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் நிறமி செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்யும் மெலனின் மணிகளின் அளவும் வகையும்தான் மாறுகின்றன. 2005-இல் வரிக்குதிரை மீனில் நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், மனிதரிலும் அது இருக்கிறது. தெற்காசியர்களிடம் அதன் கறுப்பு தரும் வடிவமும் வெளுப்பு தரும் வடிவமும் கலந்து கிடக்கின்றன. ஒரே வீட்டில் அக்கா கறுப்பாகவும் தங்கை சிவப்பாகவும் பிறப்பதற்கு இப்படிக் கலந்து வரும் மரபணுக்கள்தான் காரணம், குங்குமப்பூ அல்ல.

சென்னையிலிருந்து 2009-இல் கறுப்பும் அழகுதான் என்று ஒரு இயக்கமே கிளம்பியது. ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது. பெண் பார்க்க வருகிறவர்களின் பேச்சு மட்டும் இன்னும் மாறவில்லை என்பதால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது, என் கோபமும் அங்கேதான்.

மரபணுவை எந்த க்ரீமாலும் மாற்ற முடியாது. அப்படியும் ஒன்று உங்களைச் சில வாரத்தில் வெளுக்க வைத்தால், உள்ளே ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். 2023-இல் கேரளத்தின் மலப்புறம் பகுதியில் சிறுநீரகக் கோளாறோடு வந்த பலரை விசாரித்தபோது, அவர்கள் பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம்களைப் பூசியிருந்தது தெரியவந்தது. தயாரிப்பாளர் முகவரியோ, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலோ இல்லாத டப்பாவை நீங்கள் இப்போது பூசிக்கொண்டிருந்தால், பாதரசம் இருக்கலாம் என்பதால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சோதனையையும் கேளுங்கள். கால் வீங்கியிருந்தாலோ சிறுநீர் நுரைத்துப் போனாலோ அந்த வாரத்தையும் தள்ளாமல் அன்றே போங்கள்.