எண்ணெய் குடிக்கும் வெள்ளைத் தாள்: ஒரு கராஜ்காரனின் அனுபவம்

தலவாக்கலையில் த்ரீவீல் கராஜ் வைத்திருக்கிறேன். பின்பக்கக் கான், அதாவது கழிவுநீர் வாய்க்கால், நேரே கொத்மலை ஓயாவில் விழும். அங்கிருந்து மகாவலி, கடைசியில் திருகோணமலைக் கடல். 2020 செப்டம்பரில் சுமார் 270,000 டன் கச்சா எண்ணெயோடு நியூ டயமண்ட் கப்பல் கிழக்குக் கடலில் எரிந்தபோதுதான் என் கராஜ் எண்ணெயும் இப்படிக் கடலுக்குப் போகுமே என்ற கவலையே எனக்கு வந்தது. நல்லவேளை, அந்தச் சரக்கு சிந்தவில்லை. கப்பலின் சொந்த எரிபொருள்தான் கசிந்தது.

கடல் கசிவுக்குப் போடுகிற அதே ரகத் தாளைக் கொழும்பில் வாங்கினேன். பொலிப்புரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நார், எண்ணெயைக் குடிக்கும், தண்ணீரைக் குடிக்காது. போன மாதம் கொட்டுகிற மழையில் டீசல் கேன் சரிந்துவிட்டது. கானில் இரண்டு தாள் போட்டேன்; வானவில் படலம் கண்முன்னே அடங்கியது. கியர் ஒயில் என்றால் மட்டும் சோம்பேறி, கட்டியாக இருப்பதால் மெல்லத்தான் இறங்கும். மரத்தூள் மலிவு, ஆனால் தண்ணீரையும் சேர்த்துக் குடித்துத் தாழ்ந்துவிடும். சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவுவது அதைவிட மோசம்: எண்ணெய் போகாது, பொடித்துளியாக உடைந்து ஆற்றோடு கலந்துவிடும்.

விலை கூடத்தான். தாள் வந்த பாக்கெட்டில் தமிழில் ஒரு வரி இல்லை. நனைந்த தாளை எங்கே கொடுப்பது என்று கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். சரி என்று மூடி போட்ட பீப்பாயில் சேர்க்கிறேன். அது பாதி நிரம்பிவிட்டது.