புழு பார்க்க ‘30 மடங்கு’ மடக்கு லென்ஸ்: வாங்கலாமா?

இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மடக்கு லென்ஸின் சட்டத்தில் ‘30 எக்ஸ் – 21 மி.மீ.’ என்று பொறித்திருக்கும்; அதாவது 30 மடங்கு பெரிதாகக் காட்டும், கண்ணாடியின் அகலம் 21 மி.மீ. அந்த 30-ஐ நம்பாதீர்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெள்ளைத்தாளை ஒட்டி, ஜன்னலின் தலைகீழ் உருவம் தெளிவாக விழும்வரை லென்ஸை நகர்த்துங்கள். தாளுக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளியை மி.மீட்டரில் அளந்து, அந்த எண்ணால் 250-ஐ வகுத்தால் உண்மையான உருப்பெருக்கம் தெரியும். 25 மி.மீ. வந்தால் 10 மடங்கு. 30 மடங்கு என்றால் 8 மி.மீ. வரவேண்டும், இவ்வளவு அகலமான மலிவுக் கண்ணாடியில் அது வராது.

அதற்காக ஒதுக்கவும் வேண்டாம். புழு பார்க்க 10 மடங்குதான் சரி. உண்மையான 30 மடங்கில், ஊரும் புழு பார்வைக்குள் நிற்கவே நிற்காது.

மக்காச்சோளக் குருத்தில் புழு கிடைத்தால், தலையில் உள்ள தலைகீழ் ‘ஒய்’ கோட்டை மட்டும் பார்த்துப் படைப்புழு என்று முடிவுகட்டுகிறார்கள். மங்கலான ‘ஒய்’ வேறு புழுக்களுக்கும் உண்டு. வால்பக்கம், வயிற்றின் எட்டாவது கண்டத்தில் (உடல் வளையத்தில்) நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்கின்றனவா என்று பாருங்கள், அதுதான் உறுதி. முதல் இரண்டு வளர்ச்சிப் பருவத்துக் குஞ்சுப்புழுவில் இது தெளிவாகத் தெரியாது. இரண்டு நாள் இலை போட்டு வளர்த்துவிட்டுப் பாருங்கள்.

நிலக்கடலையில் லென்ஸ் போட்ட காசை எடுத்துக் கொடுத்துவிடும். புரொடீனியா எனும் வெட்டுப்புழுவின் தோல் வழவழப்பு. பச்சைக்காய்ப்புழுவின் தோலில் நுண்முட்கள் சொரசொரவென்று தெரியும். புழுவைக் கொல்லத் தெளிக்கும் என்.பி.வி. வைரஸில், ஒன்றுக்கானது மற்றதைக் கொல்லாது. புழுவை மாற்றி நினைத்துத் தெளித்தால் மருந்தும் கூலியும் வீண். கடுகு, முள்ளங்கி இலையில் கரும்பச்சைப் புழு இருந்தால் வயிற்றடியில் உள்ள போலிக்கால்களை (குட்டையான சதைக்கால்களை) எண்ணுங்கள். ஐந்து ஜோடிக்கு மேல் இருந்தால் அது ரம்ப ஈயின் புழு. அந்துப்பூச்சிப் புழுக்களுக்கான பி.டி. எனும் பாக்டீரியா மருந்து அதனிடம் பலிக்காது.

லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, இலையை அதனருகே கொண்டுவர வேண்டும். லென்ஸைப் புழுவுக்கு அருகே நீட்டிப் பார்ப்பதால்தான் பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. புழு துள்ளினால், டப்பாவில் போட்டுப் பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வையுங்கள்.

விளக்கு வைத்த வகைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பளபளப்பான தோலில் ஒளி தெறித்து, பார்க்க வேண்டிய புள்ளியே மறைந்துவிடும். மடக்குமிடத்தில் ஆணி அடித்ததைவிடத் திருகு வைத்தது நல்லது, தளர்ந்தால் முடுக்கிக்கொள்ளலாம். மண் படிந்தால் ஊதிவிட்டு, பிறகே ஈரத்துணியால் துடையுங்கள்.