ரத்தப் புற்றுநோய் வார்டில் தோல் பயாப்சி சேவை: ஒரு அக்காவின் மதிப்புரை

தம்பிக்கு ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்கான கீமோவுக்குப் பிறகு, கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு 500-க்குக் கீழே கிடந்தது. ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருந்தும் காய்ச்சல் விடவில்லை. கெண்டைக்காலில் வலியோடு சிவப்புத் தடிப்புகள் வந்தன. இரவுப் பணி டாக்டர் மருந்து அலர்ஜி என்று களிம்பு எழுதிவிட்டுப் போனார். காலையில் தடிப்புகளின் நடுப்பகுதி கறுத்துவிட்டது.

அப்புறம் வந்த தோல் டாக்டருக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுப்பேன். உச்சந்தலையிலிருந்து கால் நகம் வரை பார்த்தார். பெருவிரல் நக ஓரம் வீங்கியிருந்ததைக் காட்டி, ஃபியூசேரியம் என்ற பூஞ்சை பல நேரம் இந்த வழியாகத்தான் உடம்புக்குள் போகும் என்றார். ஆனால் சூடோமோனாஸ் பாக்டீரியாவாலும் இப்படிக் கறுக்கும், ரத்தப் புற்றுநோயே (லுகேமியா) தோலுக்குப் பரவியும் இருக்கலாம், கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்றும் சொன்னார். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைவாக இருந்ததால் அதை ஏற்றிவிட்டு, படுக்கையிலேயே மரத்துப்போக ஊசி போட்டு பயாப்சி, அதாவது பரிசோதனைக்குச் சிறு தோல் துண்டு, எடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, சதையை இரண்டாக எடுத்ததுதான். ஒன்று ஃபார்மலினில் போட்டு நோயியல் பிரிவுக்கு. இன்னொன்று கிருமி நீக்கிய சலைனில் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க. ஃபார்மலினில் போட்டால் பூஞ்சை செத்துவிடும், பிறகு வளர்க்க முடியாது. இரண்டாவது டப்பாவைப் பயிற்சி டாக்டரே கையோடு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்.

அன்று மாலையே நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகள் தெரிந்ததாகப் போன் வந்தது. இழைகளுக்குள் குறுக்குச் சுவர்கள் இருந்ததால் மியூகோர் என்ற பூஞ்சை வகையாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் சதையில் பார்க்கும்போது ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சையும் ஃபியூசேரியமும் ஒரே மாதிரிதான் இருக்குமாம். அதனால் கல்ச்சருக்குக் காத்திருக்காமல் ஆம்போடெரிசின், வோரிகோனசோல் என்ற இரண்டு பூஞ்சை மருந்துகளையும் தொடங்கினார்கள். பிறகு தோல் கல்ச்சரிலும் ரத்தக் கல்ச்சரிலும் ஃபியூசேரியமே வளர்ந்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் ரத்தத்தில் வளர்வது அபூர்வம் என்பதால் இதில் டாக்டர்களுக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளையணு ஏறத் தொடங்கிய பிறகுதான் புண்கள் ஆறின.

குறையும் உண்டு. எழுத்தில் வந்த முதல் அறிக்கையில் 'பூஞ்சை தென்படுகிறது' என்ற ஒரு வரிதான். விடுமுறை நாளில் கல்ச்சர் என்ன ஆயிற்று என்று கேட்க கவுன்ட்டரில் ஆளே இல்லை. இவ்வளவு அவசரமான பரிசோதனைக்கு எல்லா நாளும் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். ஒரு நட்சத்திரம் அதற்காகக் குறைத்திருக்கிறேன்.